பூஜைப் பெட்டியில் ஐந்து கற்கள்: வீட்டில் பஞ்சாயதன பூஜை தொடங்க முழுமையான வழிகாட்டி

தாத்தா காலமான பிறகு அவருடைய பூஜைப் பெட்டி ஒன்பது வருடம் பரணில் கிடந்தது. வீடு மாற்றும்போதுதான் இறக்கித் திறந்தேன். காய்ந்து மாவாகிப்போன சந்தனம், கறுத்த வெள்ளி உத்தரிணி (பூஜைத் தண்ணீர் எடுத்து விடும் சிறிய கரண்டி), அதற்கடியில் பட்டுத்துணியில் சுற்றிய ஐந்து கற்கள். ஒன்று கன்னங்கரேலென்று இருந்தது. ஒன்று பழுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்றில் பொன் நிறக் கோடு, ஒன்று தண்ணீர் மாதிரித் தெளிவு. எது யார் என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலால் தொடாமல் காட்டிக் காட்டியே சொன்னாள்: "இது பெருமாள், இது சுவாமி, இது அம்பாள், இது பிள்ளையார், இது சூரியன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒன்பது வருஷமா யாருமே குளிக்கலையேடா" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்த பூஜை இன்றுவரை நடக்கிறது. இடையில் பெரியவர்களிடம் கேட்டதும், செய்து செய்து தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி. தாத்தா பெட்டி கையில் வந்துவிட்டது, என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்காகவும், புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஏன் கல்?

இந்த ஐந்து கற்களிலும் கண், மூக்கு, காது கிடையாது. விக்கிரகம் என்றால் சிற்பி முகத்தைக் காட்டிவிடுகிறார். இங்கே அந்த முகத்தை நாம்தான் தியானத்தில் கொண்டுவர வேண்டும். லிங்கத்தைச் சைவர்கள் அருவுருவம் என்பார்கள். உருவமும் இல்லை, உருவம் இல்லாமலும் இல்லை. அந்தச் சொல் இந்த ஐந்துக்குமே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஆற்றுக் கற்கள். நம் வீட்டுக்கு வருவதற்கு முன் எத்தனையோ ஆயிரம் வருடம் ஆறு அவற்றைக் குளிப்பாட்டியிருக்கிறது. அந்த அபிஷேகத்தைத்தான் நாம் ஒரு உத்தரிணி தண்ணீரால் தொடர்கிறோம். இப்படி நினைத்துப் பார்த்த பிறகு, காலையில் அவசரமாகச் செய்யும் பூஜைகூட எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

சிவன், விஷ்ணு, அம்பாள், விநாயகர், சூரியன் ஆகிய ஐவரையும் ஒரே பீடத்தில் வைத்து வழிபடுவதுதான் பஞ்சாயதனம். ஆதிசங்கரரின் வழியில் வரும் ஸ்மார்த்தக் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முருகனையும் சேர்க்க விரும்புகிறவர்கள் ஒரு சிறிய வேல் வைப்பார்கள். ஐந்து பூதங்களோடும் இந்த ஐவரைச் சேர்த்துச் சொல்லும் சுலோகம் உண்டு. ஆகாயத்துக்கு விஷ்ணு, நெருப்புக்கு அம்பாள், காற்றுக்குச் சூரியன், மண்ணுக்கு சிவன், நீருக்குப் பிள்ளையார். உள்ளங்கை அளவுத் தட்டில் இது எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஐந்து கற்கள், ஐந்து ஊர்கள்

சாளக்கிராமம் (விஷ்ணு). நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்பது இந்தப் பகுதிதான். திருமங்கையாழ்வார் பாசுரத்துக்குப் பாசுரம் 'சாளக்கிராமம் அடை நெஞ்சே' என்று தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பாடியிருக்கிறார். பனிமலைக்கு நடுவே இருக்கும் அந்த ஆற்றை, சோழநாட்டுக்காரர் ஒருவர் 1,000 வருடத்துக்கும் முன்னால் தன் நெஞ்சின் இலக்காக வைத்துப் பாடினார் என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கல்லுக்குள் தெரியும் சக்கரம் எப்படி வந்தது? வஜ்ரகீடம் என்ற புழு குடைந்தது என்று புராணம் சொல்லும். துளசி கொடுத்த சாபத்தால் பெருமாள் கல்லானார், துளசியே கண்டகி ஆறானாள் என்றும் கதை உண்டு. சாளக்கிராமத்தின் மேல் துளசி இல்லாமல் பூஜை கிடையாது என்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. நிலவியல் படித்தவர்கள் சொல்வது வேறு. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரினங்கள், ஏறத்தாழ 14 முதல் 16 கோடி வருடங்களுக்கு முன் சேற்றில் புதைந்து கல்லாயின. அந்த ஓட்டின் சுருள்தான் சக்கரம். இதைக் கேட்டு எனக்கு பக்தி குறையவில்லை. பாற்கடலில் பள்ளிகொண்டவரின் அடையாளம் ஒரு பழைய கடலின் அடியிலிருந்து கிளம்பி, மலையேறி, ஆற்றில் இறங்கி என் வீட்டுக்கு வந்திருக்கிறது. புராணமும் நிலவியலும் இந்த இடத்தில் ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இல்லை.

பாணலிங்கம் (சிவன்). நர்மதையில் கிடைப்பது, குறிப்பாக ஓங்காரேஸ்வரம் பகுதியில். நர்மதையில் உள்ள கூழாங்கல் எல்லாம் சங்கரன் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த கெட்டியான கல், கத்தியால் கீறினால் கோடு விழாது. பழுப்பு, சாம்பல், தேன் நிறங்களில் வரும். நாவல்பழம் அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை வீட்டுக்கு உகந்தது என்பார்கள்.

சோணபத்ரம் (விநாயகர்). சோன் ஆற்றின் செந்நிறக் கல். ஒரு அழகான விஷயம்: நர்மதையும் சோனும் அமர்கண்டக் மலைப் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிறக்கின்றன. ஒன்று மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது, மற்றது வடகிழக்கே போய் கங்கையில் சேர்கிறது. அப்பா ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் புறப்பட்டுப் போய், கடைசியில் நம் பூஜைத் தட்டில் வந்து உட்காருகிறார்கள்.

ஸ்வர்ணமுகி (அம்பாள்). காளஹஸ்தி வழியாக ஓடும் ஸ்வர்ணமுகி ஆற்றில் கிடைக்கும், பொன் ரேகை ஓடிய கல்.

ஸ்படிகம் (சூரியன்). தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள வல்லம் இதற்குப் பேர்போனது. கண்ணாடி வில்லை செய்யவும் வல்லத்துக் கல்லை ஒரு காலத்தில் எடுத்தார்கள். ஐந்தில் ஒன்று நம் ஊர் மண்ணிலிருந்தே வருகிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

முதல் படி: வேளையை முடிவு செய்யுங்கள்

கல்லைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். தினமும் இருபது நிமிடம் உங்களால் ஒதுக்க முடியுமா? வீட்டில் வேறு ஒருவராவது துணைக்கு இருக்கிறாரா? பாட்டி அடிக்கடி சொல்வாள்: "கல்லுக்குப் பசிக்காது. ஆனா நாமளா ஒரு வேளை சொல்லிட்டோம்னா, அந்த வேளைக்குப் பசிக்கும்." காலை ஏழு மணி என்றால் ஏழு மணி. பெரிய பூஜையாகத் தொடங்கி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, ஒரு உத்தரிணி தண்ணீர், ஒரு பூ, ஒரு திராட்சைப்பழம் என்று விடாமல் செய்வது எவ்வளவோ மேல். அலமாரியில் அழகுக்காகவோ, பணம் வரும் என்ற நம்பிக்கையிலோ இந்தக் கற்களை வாங்கி வைக்காதீர்கள். வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பேசாமல் நம் வேலையைப் பார்ப்பது போன்றது அது.

யார் செய்யலாம் என்ற கேள்வி எப்போதும் வரும். சாளக்கிராமத்துக்கும் பாணலிங்கத்துக்கும் தொட்டு அபிஷேகம் செய்ய உபநயனமும் உபதேசமும் வேண்டும் என்பது பல வீடுகளின் மரபு. வைணவ வீடுகளில் பஞ்சசம்ஸ்காரம், சைவ வீடுகளில் சிவதீட்சை என்று ஆசாரியரிடம் பெறும் தீட்சையைச் சொல்வார்கள். உங்கள் வீட்டு மரபையும் உங்கள் ஆசாரியர் சொல்வதையும் பின்பற்றுங்கள். எங்கள் பாட்டி அறுபது வருடம் அந்தக் கற்களைத் தொட்டதில்லை. ஆனால் கோலம், பூ, நைவேத்தியம் எல்லாம் அவள் கை. பூஜையை அவளை விட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. தீட்சை இல்லாதவர்கள் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூஜை செய்யலாம். அன்றைக்கே தண்ணீரில் கரைத்துவிடலாம், நாள் தவறினால் என்ன ஆகும் என்ற கவலையும் இல்லை. ஆறு மாதம் அப்படிப் பழகிய பிறகு பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள்.

இரண்டாம் படி: கற்களைச் சேர்ப்பது

சாளக்கிராமத்துக்கு விலை பேசுவது பாவம் என்று புராணங்கள் கடுமையாகவே சொல்கின்றன. அதனால் கடைக்குப் போவதற்கு முன் உறவுக்காரர்கள் வீட்டைக் கேளுங்கள். எத்தனையோ வீடுகளில் பூஜை நின்றுபோய்ப் பெட்டி மட்டும் இருக்கிறது. கேட்டால் கண்ணில் தண்ணீரோடு கொடுப்பார்கள். அடுத்தது, மடங்களும் குருமார்களும். முக்திநாத் போய் வருகிறவர்களிடமும் சொல்லி வைக்கலாம்.

நீங்களே போவதாக இருந்தால் போக்ராவிலிருந்து ஜோம்சோம், அங்கிருந்து காக்பேனி வழியாக முக்திநாத். முக்திநாத் கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மூச்சு வாங்கும், ஒரு நாள் வழியில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். கோயிலின் பின்னால் 108 தாரைகளில் பனித்தண்ணீர் கொட்டும். ஆற்றங்கரையில் தேடுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். முற்பகலுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றில் நிற்க முடியாது.

நெல்லிக்காய் அளவு, வழவழப்பு, சாந்தமான தோற்றம் உள்ள சாளக்கிராமமே இல்லறத்தாருக்கு உகந்தது. வாய் அகலத் திறந்த உக்கிர நரசிம்ம வகையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒன்று வைக்கலாம், இரண்டு கூடாது. அதற்கு மேல் நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில்தான். வீட்டில் இரண்டு லிங்கமும் மூன்று பிள்ளையாரும் பூஜையில் இருக்கக் கூடாது என்பதும் இதே வகை விதி.

கடையில்தான் வாங்க வேண்டியிருந்தால் கவனம் வேண்டும். சித்தப்பா பையனுக்காகக் கோயில் பக்கத்துக் கடை ஒன்றில் நான் வாங்கிக் கொடுத்த 'சாளக்கிராமம்', ஒரு மாத அபிஷேகத்தில் துடைக்கும் துணியெல்லாம் கறுப்பாக்கிவிட்டது. அச்சில் வார்த்து மை பூசியது. அதை அவனிடம் சொல்ல வேண்டியிருந்த நாள் ரொம்ப வேதனையாக இருந்தது. அதிலிருந்து நான் பார்ப்பவை இவை:

சாளக்கிராமத்தின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இயற்கையான சுருளில் வரிகள் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். கருவியால் குடைந்ததில் ஒரே ஆழத்தில் கீறல்கள் தெரியும். ஒரே மாதிரி இரண்டு கல் கடையில் இருந்தால் அது அச்சு.

ஸ்படிகமா கண்ணாடியா என்று பார்க்க, பூதக்கண்ணாடியில் உள்ளே உருண்டைக் குமிழி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கண்ணாடி. ஸ்படிக உருண்டையைக் காகிதத்தில் இட்ட ஒரு கோட்டின் மேல் வைத்து மெல்லத் திருப்பினால், ஏதாவது ஒரு நிலையில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் ஒன்றாகவே இருக்கும்.

பாணலிங்கத்தில் போலி குறைவு. ஆனால் கடைக்கு வரும் பெரும்பாலானவை நர்மதைக் கல்லை எடுத்துக் கையால் வடிவம் கொடுத்து மெருகேற்றியவை. அது தவறு இல்லை, கல் நர்மதையுடையதுதான். ஆறே உருட்டித் தந்த கல்லுக்கும் சாளக்கிராமத்துக்கும் பிராணப் பிரதிஷ்டை, அதாவது மந்திரத்தால் தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் சடங்கு, தேவையில்லை என்பது மரபு. கையால் வடித்ததற்கு என்ன செய்வது என்று உங்கள் சாஸ்திரிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யார் நடுவில்?

பஞ்சாயதனத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உங்கள் இஷ்ட தெய்வம் நடுவில் உட்காரும், மற்ற நால்வரும் நான்கு மூலையில். தாத்தா பெட்டியில் சிவன் நடுவில். பாட்டி பிறந்த வீட்டில் அம்பாள் நடுவில். ஒரே ஐந்து பேர், அங்கே ஒருவர் வீட்டுக்காரர், இங்கே அவரே விருந்தாளி. யாருக்கும் குறைவில்லை. மூலைகளை வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என்ற வரிசையில் எண்ணிக்கொள்ளுங்கள்.

சிவன் நடுவில் என்றால்: விஷ்ணு, சூரியன், விநாயகர், அம்பாள்.
விஷ்ணு நடுவில்: சிவன், விநாயகர், சூரியன், அம்பாள்.
அம்பாள் நடுவில்: விஷ்ணு, சிவன், விநாயகர், சூரியன்.
விநாயகர் நடுவில்: விஷ்ணு, சிவன், சூரியன், அம்பாள்.
சூரியன் நடுவில்: சிவன், விநாயகர், விஷ்ணு, அம்பாள்.

திசையைச் சிலர் உண்மையான கிழக்கு மேற்கை வைத்துப் பார்ப்பார்கள். பூஜிப்பவருக்கும் சுவாமிக்கும் நடுவே இருப்பதே கிழக்கு என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படிக் கொண்டால் வடகிழக்கு மூலை உங்கள் வலது கைக்குப் பக்கத்தில் வரும். வழிவழியாக வந்த பெட்டி என்றால், முன்னோர் எப்படி வைத்தார்களோ அப்படியே வையுங்கள். பழைய பீடங்களில் கற்களுக்குத் தனித்தனிக் குழி இருக்கும், அந்த அளவே எது எங்கே என்று சொல்லிவிடும்.

நான்காம் படி: சாமான்கள்

ரொம்ப வேண்டாம். ஒரு தாம்பாளம், பஞ்சபாத்திரம் (பூஜைத் தண்ணீர் வைக்கும் சிறு பாத்திரம்), உத்தரிணி, சிறிய மணி, விளக்கு, சந்தனக்கல், துடைக்க மெல்லிய பருத்தித் துணி இரண்டு, கற்களை வைக்கப் பீடம் அல்லது சம்புடம் (மூடியுள்ள சிறு பெட்டி). அபிஷேகத்துக்குத் தனியாக ஒரு கிண்ணம். வெள்ளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செம்போ பித்தளையோ போதும். சங்கு ஒன்று இருக்கட்டும், இரண்டு வேண்டாம்.

ஐந்தாம் படி: தினசரி பூஜை

குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, விளக்கேற்றிவிட்டு உட்காருங்கள்.

முதலில் பிள்ளையாரை நினைத்துத் தலையில் குட்டிக்கொண்டு சங்கல்பம். சமஸ்கிருத சங்கல்பம் தெரியாவிட்டால், இன்றைக்கு இந்த வேளையில் இந்தப் பூஜையைச் செய்கிறேன் என்று மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் மணி அடித்து, பஞ்சபாத்திரத் தண்ணீரில் துளசி போட்டு, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி ஆகிய ஏழு நதிகளையும் அதில் கூப்பிட வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள். அந்த நர்மதையில் பிறந்தவரைத்தான் அடுத்த நிமிடம் அந்தத் தண்ணீரால் குளிப்பாட்டப் போகிறீர்கள்.

நேற்றைய பூவை எடுத்துவிட்டு ஐந்து பேரையும் கிண்ணத்தில் எழுந்தருளப் பண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் தியானம் சொல்லி, காலுக்குப் பாத்தியம், கைக்கு அர்க்கியம், வாய்க்கு ஆசமனீயம் என்று மூன்று உத்தரிணி தண்ணீர். பிறகு அபிஷேகம். ருத்ரமும் புருஷ சூக்தமும் முறையாகக் கற்றவர்கள் அவற்றைச் சொல்வார்கள். கற்காதவர்கள் புத்தகத்தைப் பார்த்து வேதத்தைத் தப்பாகச் சொல்வதைவிட, தேவாரமோ பாசுரமோ பாடிக்கொண்டே தண்ணீர் விடலாம். தினமும் வெறும் தண்ணீரே போதும். பிரதோஷம், ஏகாதசி, சதுர்த்தி, வெள்ளிக்கிழமை, ரதசப்தமி மாதிரி நாட்களில் பால் சேர்த்துக்கொள்ளலாம்.

அபிஷேகம் முடிந்ததும் துடைத்துப் பீடத்தில் அவரவர் இடத்தில் வைத்து, சந்தனம் இட்டு, அர்ச்சனை. விஷ்ணுவுக்குக் கேசவா முதலான பன்னிரண்டு நாமம், சிவனுக்கு பவ, சர்வ என்று தொடங்கும் எட்டு, சூரியனுக்கு மித்ர, ரவி என்று தொடங்கும் பன்னிரண்டு, பிள்ளையாருக்குச் சுமுக, ஏகதந்த என்று தொடங்கும் பதினாறு. அம்பாளுக்கு உங்களுக்குத் தெரிந்த துதி எதுவானாலும் சரி. பிறகு தூபம், தீபம், நைவேத்தியம், கற்பூரம், நமஸ்காரம்.

எதைச் சார்த்தக் கூடாது என்பதைச் சொல்லும் ஒரு சுலோகத்தைப் பெரியவர்கள் எப்போதும் ஞாபகப்படுத்துவார்கள். விஷ்ணுவுக்கு அட்சதை இல்லை, பிள்ளையாருக்குத் துளசி இல்லை, அம்பாளுக்கு அருகம்புல் இல்லை, சூரியனுக்கு வில்வம் இல்லை. சிவனுக்குத் தாழம்பூ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஐவரும் ஒரே தட்டில் நெருங்கி இருப்பதால் பூவை அள்ளிப் போடாமல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டியிருக்கும். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பரிமாறுவதைப் போல அது பழகிவிடும்.

நைவேத்தியத்துக்கு அன்றைக்கு வடித்த சாதத்தில் ஒரு துளி நெய் விட்டு வைத்தால் போதும். அவசர நாளில் பாலும் கல்கண்டும். சிவ நிர்மால்யத்தை, அதாவது சிவனுக்குச் சார்த்தி எடுத்ததை, உட்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். சாளக்கிராமத்தின் சேர்க்கையால் எல்லாமே தூய்மையாகிவிடும் என்று சாஸ்திரமே விடை சொல்லியிருக்கிறது. அதனால் பஞ்சாயதனத் தீர்த்தத்தைத் தயக்கமில்லாமல் மூன்று உத்தரிணி வாங்கிக்கொள்ளலாம். மீதித் தண்ணீரைக் கால்படும் இடத்தில் கொட்ட வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பூந்தொட்டியில் ஊற்றலாம்.

ஆறாம் படி: கற்களைப் பார்த்துக்கொள்வது

இதைப் பற்றி யாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாளக்கிராமத்தை நன்றாகத் துடைத்துக் காற்றாட வைத்துவிட்டு அப்புறம்தான் மூட வேண்டும். சில கற்களுக்குள் பொன் மாதிரி மின்னுவது பைரைட் என்ற தாது, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரம் தங்கினால் துருப்பிடித்துக் கல்லையே விரிசல் விடச் செய்யும். துணியின் முனையைத் திரித்து வாய்க்குள் விட்டு ஈரத்தை எடுங்கள். பால் அபிஷேகம் செய்த நாளில் மூன்று நான்கு முறை தண்ணீர் விட்டு அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய பால் நாற்றமடிக்கும், எறும்பு வரும். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் கூடாது. கல்லில் சுண்ணாம்புப் பகுதி இருந்தால் புளிப்பு அதை அரித்துவிடும்.

ஸ்படிகத்துக்குச் சூடு ஆகாது. காய்ச்சிய பாலைச் சூட்டோடு விடுவது, கற்பூரத் தட்டை ஒட்டி வைப்பது இரண்டாலும் உள்ளே விரிசல் விழலாம். உருண்டை ஸ்படிகத்தை ஜன்னல் வெயிலில் பட்டுத்துணி மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள், துணி பற்றிக்கொள்ளும். வெயிலைக் குவிக்கும் சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் என்று திருமூலர் சொன்ன உவமையை இங்கே நினைத்துக்கொள்வேன். கல் பக்கத்தில் இருந்தும் பஞ்சு எரிவதில்லை, சூரியன் எதிரே வந்ததும் எரிகிறது. குருவின் சந்நிதியில் மலம் என்ற உயிரின் அழுக்கு அழிவதற்கு அவர் சொன்ன உவமை அது. சூரியனுக்கு ஏன் ஸ்படிகம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மற்ற மூன்று கற்களுக்கும் தண்ணீரும் துணியும் போதும்.

ஏழாம் படி: பூஜை தடைப்படும்போது

பிறப்பு, இறப்புத் தீட்டில் நாமே செய்ய முடியாது. தீட்டு இல்லாத உறவினரோ நண்பரோ வந்து ஒரு வேளை தண்ணீர் விட்டு நைவேத்தியம் செய்து போவது வழக்கம். அதற்கு ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனால் கூடவே எடுத்துப் போகலாம், ஐந்து கற்களும் ஒரு சம்புடத்தில் அடங்கும். தாத்தா ரயிலில் போனபோதுகூட அந்தப் பெட்டி அவர் மடியில்தான் இருக்கும்.

சாளக்கிராமம் உடைந்தாலும் பூஜைக்கு உரியதே, சக்கரம் இருந்தால் போதும் என்பது சாஸ்திரம். மற்ற கற்கள் உடைந்தால் சாஸ்திரிகளைக் கேட்டு ஓடும் ஆற்றில் விடுவார்கள். அடுத்த தலைமுறையில் செய்ய ஆள் இல்லை என்று தெரிந்தால், பரணுக்குப் போவதற்கு முன்பே பூஜை நடக்கிற ஒரு வீட்டுக்கோ மடத்துக்கோ கொடுத்துவிடுங்கள். இது உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய முடிவு.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். எந்தக் கல் யார், எந்த ஆறு, யாரிடமிருந்து வந்தது, நடுவில் யார், எந்த மூலையில் யார். தாத்தா எழுதி வைக்கவில்லை. பாட்டி இருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அவளும் இல்லை. அவள் அன்று சொன்ன வரிசையிலேயே, பெருமாள், சுவாமி, அம்பாள், பிள்ளையார், சூரியன் என்று எழுதி, பட்டுத்துணிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.